மரத்தடியில் ஒரு காட்டுக் கருணை: மலைநாட்டில் அரிசீமா வளர்க்கத் தொடங்குவோருக்கு

என் அப்பாயி அதை முதன்முதலில் பார்த்த அன்று, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "என்னாடா இது, பாம்பு படம் எடுத்து நிக்குற மாதிரி இருக்கு?"

வீட்டுக்குப் பின்னால், சவுக்கு மரத்துக்கு அப்பால், ஈர இலைகளுக்கு நடுவே அது நின்றது. பாம்புத் தோல் போலப் புள்ளி விழுந்த தண்டு. உச்சியில் குடை விரித்தாற்போல ஒரே ஒரு இலை. அந்தக் குடைக்குக் கீழே, பச்சையில் வெள்ளைக் கோடு ஓடிய ஒரு மடல் முன்பக்கம் கவிந்து, நுனியில் வால் போல இழுத்துக்கொண்டிருந்தது. "கருணைதான் அப்பாயி, காட்டுக் கருணை" என்றேன். "கருணையா? இதப் போயி ஆக்கித் தின்னுறாத" என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை எடுத்தார். அவர் சொன்னதை இந்தக் கட்டுரையின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செடியின் தாவரவியல் பெயர் அரிசீமா லெஷனால்டியை. கருணைக்கிழங்கு, சேம்பு, அந்தூரியம் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். 1816இல் புதுச்சேரிக்கு வந்து, பின்னர் இலங்கையிலும் செடி சேகரித்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை, புளூம் என்ற தாவரவியலாளர் 1836இல் இதற்கு வைத்தார். தென்னிந்திய மலைகளிலும் நம் மலைநாட்டுக் காடுகளிலும் தானாக வளர்வது. பூச்செடி விற்பவர்கள் சிலர் இந்த வகைகளையெல்லாம் சேர்த்துக் 'கோப்ரா லில்லி' என்பார்கள். நம்மூரில் காட்டுக் கருணை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே பெயரை வேறு இரண்டு மூன்று செடிகளுக்கும் சொல்வார்கள். அதனால் ஆளிடம் கேட்டு வாங்கும்போது பெயரை நம்பாமல் தண்டின் புள்ளியையும் குடை இலையையும் பார்த்து வாங்குங்கள்.

கிழங்கு எங்கே கிடைக்கும்

காட்டுக்குள் போய்த் தோண்டி எடுக்காதீர்கள். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. ஹக்கலை மலை பாதுகாக்கப்பட்ட ஒதுக்குக் காடு. அங்கிருந்து ஒரு இலையைக் கிள்ளி வருவதுகூடக் குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்த கிழங்கை மமட்டியால் கொத்தி எடுத்தால் பாதி எடுப்பதற்குள்ளேயே செத்துப்போகும்.

எனக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். காட்டோரமாக இருந்த ஒரு மலையில் தண்ணீர் வடியப் புதிதாகக் கான் (வாய்க்கால்) வெட்டினார்கள். வெட்டிப்போட்ட மண்ணோடு நாலு கிழங்கு உருண்டு கிடந்தது. பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு எடுத்து வந்தேன். இப்படிப் பாதை போடும் இடம், வீடு கட்டத் துப்புரவாக்கும் இடம் என்றால் காணிக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு எடுக்கலாம். அதைவிட நல்ல வழி, ஏற்கனவே வைத்திருப்பவரிடம் விதை கேட்பது. விதை வழி நீளமானது, ஆனால் கெட்டுப்போகாத வழி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கேயும் நானுஓயா, தலவாக்கலை, அட்டன் பக்கங்களிலும் இந்தச் செடிக்குக் குளிர் போதும். கண்டிப் பக்கம் தாழ்வு, அந்தக் குளிர் இருக்காது. அங்கே இருப்பவர்கள் இதற்காக மனம் வருந்த வேண்டாம். உங்களுக்குச் சாதாரணக் கருணைக்கிழங்கே அழகான நிழல் செடி, போதாக்குறைக்குச் சாப்பிடவும் ஆகும்.

முதலில் தண்ணீர் வடிவது, பிறகுதான் நிழல்

நிழல் தோட்டம் என்றதும் எல்லாரும் மரத்தைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். நாலு கிழங்கையும் வீட்டுக்குப் பின்னால் சவுக்கு மரத்துக்குக் கீழே, மண் கறுப்பாக, ஈரமாக இருந்த ஒரு பள்ளத்தில் நட்டேன். பார்க்க அருமையான இடம். அந்த வருடம் முளைத்தது, இலை விட்டது, கார்த்திகையில் மடிந்தது. அடுத்த சித்திரையில் மூன்று இடத்தில் ஒன்றுமே வரவில்லை. தோண்டினால், அதிகம் பழுத்த ஆனைக்கொய்யா போல விரல் உள்ளே போனது. நாற்றத்தைச் சொல்ல வேண்டாம்.

செத்தது எப்போது என்று யோசித்தால் விஷயம் புரியும். வளரும் மாதங்களில் எவ்வளவு மழை பெய்தாலும் இலையும் வேரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இலை மடிந்து கிழங்கு தூங்கப் போன பிறகு குடிக்க ஆளில்லை. ஆனால் நம் மலைகளில் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதன் பின்னால் வடகீழ்ப் பருவமழையும் அப்போதுதான் வருகின்றன. குறிப்பாக வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் வருடத்தின் பெரிய மழையே அந்த மாதங்களில்தான். தூங்கும் கிழங்கு தண்ணீரில் ஊறினால் அழுகும். வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே நடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது வடிந்த பிறகு இன்னொரு வாளி. இரண்டாவது வாளி ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டால் இடம் நல்லது. தேத்தண்ணி குடித்து, சமையல் முடித்துவிட்டு வந்தும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தைச் சேம்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரிவில் வீடு உள்ளவர்களுக்கு இது சுலபம். சரிவின் கீழ்ப்பக்கம் கல்லடுக்கி, உள்ளே மண்ணை உயர்த்தி ஒரு பாத்தி கட்டினால் போதும். மேல்பக்கம் ஒரு சின்னக் கான் குறுக்கே இழுத்து, மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் விட்டுவிடுங்கள். தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காம்பராவுக்குள் தண்ணீர் வராமல் இருக்க அதே வேலையைத்தான் வருடா வருடம் செய்கிறோம்.

நிழலைப் பொறுத்தவரை, காலை வெயில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விழுந்து, பத்து மணிக்கு மேல் இலைகளுக்கிடையே சல்லடை போட்டாற்போல வந்தால் சரி. சவுக்கு மர நிழல் அப்படிப்பட்டது. முள்முருங்கையும் நல்லது, கிளையை வெட்டி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். யூக்கலிப்டஸ் அடியில் வேண்டாம், ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். எந்த மரமானாலும் அடிமரத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி நடுங்கள்.

மண்

தேயிலை மண் புளிப்பு மண். இந்தச் செடி அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் இறுகிப்போன சிவப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளாது. நான் கலப்பது இரண்டு பங்கு மக்கிய இலை, ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு பருமனான ஆற்று மணல். சவுக்கு இலை சீக்கிரம் மக்காது. முந்திய வருடமே கூட்டி ஒரு மூலையில் குவித்து வைக்க வேண்டும். மாட்டெரு போடுவதென்றால் நன்றாக மக்கிப் பொடியானது ஒரு கை அளவு, அதுவும் கிழங்கைத் தொடாமல்.

தேயிலைக்குப் போட்டது போக மிஞ்சிய யூரியா வீட்டில் இருந்தால் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தண்டு நெடுநெடுவென்று ஓடி, முதல் பெருமழையில் சாய்ந்து படுத்துவிடும்.

தலை எது, கால் எது

நடும் காலம் மாசி, பங்குனி. கிழங்கு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும், சித்திரை மழைக்கு எழும்பத் தயாராகும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சற்றுத் தட்டையான உருண்டை. ஒரு பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மறுபக்கம் நடுவில் கூரான ஒரு முளை, பெரும்பாலும் இளஞ்சிவப்பாக. அந்த முளையைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பழைய வேர் இருந்த தழும்புகள் அவை. உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பழகியவர்களுக்கு வேர் என்றால் கீழே என்ற நினைப்பு. வேர்த் தழும்பைப் பார்த்ததும் அதுதான் அடிப்பக்கம் என்று கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அரிசீமாவுக்கு வேர் கிழங்கின் தலையில், முளையைச் சுற்றித்தான் வரும். ஆகவே தழும்பும் முளையும் மேலே, வழுவழுப்பு கீழே.

இதிலிருந்தே ஆழமும் தெரிந்துவிடும். வேர் மேல்பக்கம் வருவதால், அது ஓடுவதற்குக் கிழங்குக்கு மேலேதான் மண் வேண்டும். மேலாக நட்டால் வேர் காற்றில் காயும், தண்டும் நிற்காது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு மண் மேலே இருக்கட்டும். எலுமிச்சங்காய் அளவு கிழங்கென்றால் நாலைந்து அங்குலம். விரல் நுனி அளவுள்ள குட்டிக் கிழங்குக்கு இரண்டு அங்குலம் போதும். தலை, கால் தெரியவே இல்லையா, பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முளை தானாக வளைந்து மேலே வரும்.

கிழங்குக்கு அடியில் ஒரு கைப்பிடி மணல், சுற்றிலும் கொஞ்சம் மணல், பிறகு கலந்த மண். ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி. நட்டதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மழை வந்து எழுப்பட்டும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள். அந்தக் குச்சி வருடம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், இல்லையென்றால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டுங்கள். கருணைக்கிழங்கு வெட்டும்போது கை நமைக்குமே, அதே சங்கதி இதிலும் உண்டு. கல்சியம் ஒக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியான பளிங்குகளாகச் செடி முழுக்க இருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பு. வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். கருணையைப் புளி போட்டு அவித்துத் தின்பதுபோல இதைத் தின்ன முயல வேண்டாம். அப்பாயி சொன்னது அதற்குத்தான். பிள்ளைகள் யாராவது கடித்துவிட்டால் வாயைக் கழுவி, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மழை மாதங்கள்

சித்திரை மழை நாலைந்து தடவை இறங்கிய பிறகு ஒருநாள் காலையில் மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு கூர் நிற்கும். மூங்கில் குருத்து மாதிரி, ஆனால் புள்ளி போட்ட குருத்து. பத்துப் பதினைந்து நாளில் உறை பிரிந்து இலை விரியும். சின்னச் செடியில் சிற்றிலைகள் குறைவு; வயதான செடியில் ஏழெட்டு, பத்து என்று ஒரே புள்ளியிலிருந்து சக்கரத்து ஆரம் போலப் பிரியும். வருடத்துக்குக் கிடைப்பது அந்த ஒரு இலை. அதை நாய் மிதித்தாலும் நத்தை தின்றாலும் இன்னொன்று வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறதோ அத்தனைக்கு அடுத்த வருடக் கிழங்கு பெருக்கும்.

அதனால் காவல் வேண்டியது நத்தைக்கு எதிராகத்தான். சாம்பல் வட்டம் போடச் சொல்வார்கள். நம் ஆனி மழையில் சாம்பல் அரை நாள் தாங்காது. உப்புப் போட்டால் நத்தையோடு மண்ணும் கெடும். இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் நான் கண்ட வழி. ஓடில்லாத நத்தை இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். முளை வரும் முதல் இரண்டு கிழமை தினமும் போனால், பிறகு வாரத்துக்கு ஒருமுறை போதும். அட்டைக்கும் அதுதான் நல்ல நேரம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை போதும் போதும் என்று கொட்டும், நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஊவாப் பக்கம் கதை வேறு. ஆனி, ஆடியில் அங்கே காய்ந்த காற்று அடிக்கும். இலை ஓரம் கருகத் தொடங்கினால் கிழங்கு அவசரமாகத் தூங்கப் போய்விடும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றி, மேலே மானாப்புல் வெட்டிப் பரப்பி, காற்று வரும் பக்கம் ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்று கேட்டால்

இந்தச் செடியை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அரிசீமா வருடத்துக்கு வருடம் பால் மாறும். கிழங்கு சின்னதாக இருக்கும்போது ஆண் பூ. மகரந்தம் செய்யப் பெரிய செலவில்லை. கிழங்கு பருத்து, காய் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு வந்ததும் அதே செடி பெண் பூப் பூக்கும். காய்த்துக் களைத்து, கிழங்கு வற்றிவிட்டால் அடுத்த வருடம் திரும்பவும் ஆண், அல்லது பூவே இல்லாமல் இலை மட்டும். முந்திய வருடம் எப்படிப் பிழைத்தோம் என்று கணக்குப் பார்த்து முடிவெடுப்பது போல.

பூவை மூடியிருக்கும் மடலைச் சற்று விலக்கி உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு தண்டு. அதன் அடியில் பச்சை மணிகள் சோளக்கதிர் போல நெருக்கமாக ஒட்டியிருந்தால் பெண். சிதறலாகச் சின்ன மொட்டுகளும் மாவு போலப் பொடியும் இருந்தால் ஆண்.

உள்ளே ஒன்றிரண்டு சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகளும் கிடக்கும். காளானில் வளரும் சிறு ஈக்கள். மடலின் வழவழப்பான உட்சுவரில் அவற்றால் மேலே ஏற முடியாது. ஆண் மடலில் அடிப்பக்கம், ஓரங்கள் சேரும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். பூச்சி மகரந்தத்தில் புரண்டு, அந்த வழியாகத் தப்பித்து வெளியே வரும். பெண் மடலில் அந்த வாசல் இல்லை. தப்பி வந்த பூச்சி, பட்டும் புத்தி வராமல் அடுத்ததற்குள் விழுந்து, மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே சாகும். என் பின்வளவில் இந்த நாடகத்தை நின்று பார்த்து ஒருநாள் வேலைக்குப் பிந்திப்போனேன்.

விதை வேண்டுமென்றால் பூச்சியை நம்பாமல் நீங்களே செய்யலாம். ஓவியத் தூரிகையால் ஆண் பூவின் பொடியைத் தொட்டுப் பெண் பூவின் மணிகள்மேல் தடவுங்கள். நாலு செடியாவது இருந்தால்தான் ஒரே சமயத்தில் ஆணும் பெண்ணும் கிடைக்க வாய்ப்பு.

தூக்கம்

தீபாவளி கிட்ட வரும்போது இலை மஞ்சளாகும். வெட்டாதீர்கள். தானாகச் சாய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை விடுங்கள். தைப்பொங்கலுக்கு அந்த இடம் வெறும் தரை. புதிதாக வளர்ப்பவர்கள் 'செடி செத்துப்போச்சு' என்று சொல்வது அப்போதுதான். என் வீட்டில் தம்பி ஒருவன் அந்த நேரத்தில் மண் கிளறும் முள்ளால் குத்திக் கீரை போடலாம் என்று இறங்கி, மிச்சமிருந்த ஒரே கிழங்கை நடுவில் குத்தி எடுத்தான். குச்சி ஊன்றச் சொன்னது அதனால்தான். மேலே ஒரு பெகோனியாவோ பன்னமோ வைத்தாலும் சரி, யாரும் அந்த இடத்தைக் காலி என்று நினைக்கமாட்டார்கள். குத்துப்பட்ட கிழங்கை நான் சாம்பல் பூசி, நிழலில் நாலு நாள் காயவைத்து மணலில் புதைத்தேன். பிழைத்தது, இப்போது இருப்பவையெல்லாம் அதன் வம்சம்தான்.

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் தரையில் பனி உறையும். கொழுந்து கருகும், உருளைக்கிழங்கு இலை கருகும். அரிசீமாவுக்குக் கவலையில்லை, நாலு அங்குல மண்ணுக்குக் கீழே கிழங்கு பத்திரம். மழை அதிகமுள்ள இடமென்றால் ஒரு பழைய தகரத்தையோ உரப்பையையோ பாத்திக்கு மேலே சரிவாகக் கட்டிவிடுங்கள். பன்றி வரும் இடமென்றால் கம்பி வலையைத் தரையோடு விரித்துக் கல் வையுங்கள். முளை வலைக்கண் வழியாக வந்துவிடும்.

விதையிலிருந்து

பெண் பூ காய்த்தால், இலை மடியும் காலத்தில் சோளக்கதிர் மாதிரி ஒரு கதிர் பச்சையிலிருந்து செம்மஞ்சளாகி, பிறகு நல்ல சிவப்பாகும். பிள்ளைகள் கையெட்டும் இடமென்றால் ஒரு துணிப்பையைக் கதிருக்கு மாட்டிவிடுங்கள், குருவிக்கும் அது தடை. பழம் மெத்தென்று ஆனதும் கையுறையோடு பிசைந்து, சதையை முழுக்க நீக்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் முளைப்பதைத் தடுக்கும். மிதக்கும் விதையைக் கொட்டிவிடலாம்.

தேயிலைத் தவறணையில் கன்று போடும் கறுப்புப் பொலித்தீன் பை இருக்கிறதே, அதுதான் இதற்கும் அளவு. மணலும் மக்கிய இலையும் சரிபாதி நிரப்பி, பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்தில். முதல் வருடம் ஒரு நகம் அளவு இலை வந்து மடியும். பை காலியாகத் தெரியும். எறிய வேண்டாம், உள்ளே மிளகு அளவில் ஒரு கிழங்கு இருக்கும். இரண்டாம் வருடம் அது கடலை அளவு. மூன்றாம் வருடம் மாசியில், மழைக்கு முன்னால், பையைக் கிழித்துத் தரைக்கு மாற்றுங்கள். முதல் பூவுக்கு அதன் பிறகும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், அதுவும் ஆண் பூவாகத்தான் இருக்கும்.